முகாமுக்குப் போகும் தீபாவளிப் பலகாரம்: படையிலுள்ள பிள்ளைக்கு அனுப்புவோர் அறிய வேண்டியவை

லாபு – தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறிவிடும். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, சூஜி பிஸ்கட் எனப் போத்தல்கள் வரிசையாக நிறையும். அந்த வரிசையில் ஒரு போத்தலை மட்டும் தனியாக எடுத்து வைக்கும் வீடுகளும் உண்டு. மகனோ மகளோ ஆயுதப்படையில் இருப்பார். அந்த ஆண்டு விடுப்புக் கிடைத்திருக்காது. சபாவிலோ சரவாக் எல்லையிலோ கடல் நடுவிலோ லெபனானிலோ பணி இருக்கும்.

எடுத்து வைப்பது எளிது. உடையாமல், ஊசிப் போகாமல், உரியவர் கைக்கு உரிய நாளில் போய்ச் சேர்வதுதான் கடினம். முறுக்கு தூளாகிப் போனது, கேக் பூஞ்சை பிடித்தது, தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்துப் பெட்டி வந்தது என்பதெல்லாம் வழக்கமாக நேர்பவை. முகாமுக்குப் பலகாரம் அனுப்ப நினைக்கும் குடும்பங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

நம் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள்?

லாபு, நீலாய், சிரம்பான் வட்டாரத்தினருக்கு ராணுவம் தூரத்துச் செய்தி அல்ல. இதே மாநிலத்தில் உள்ள போர்ட்டிக்சன், நாட்டின் தரைப்படைக்குத் தொட்டில் போன்ற ஊர். 1933 மார்ச் 1ஆம் தேதி மலாய் ரெஜிமெண்ட் 25 பயிற்சி வீரர்களுடன் தொடங்கப்பட்டது அங்குதான். தரைப்படையில் சேரும் இளைஞர்கள் அடிப்படைப் பயிற்சி பெறும் பூசாஸ்டா மையமும் போர்ட்டிக்சனில்தான் உள்ளது. மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேர முடியும். இந்தியர்கள் பல இனத்தவர் பணியாற்றும் ரேஞ்சர் ரெஜிமெண்ட், பொறியியல், தொலைத்தொடர்பு, மருத்துவம், தளவாடம் போன்ற பிரிவுகளிலும் கடற்படை, ஆகாயப்படையிலும் பணிபுரிகின்றனர்.

பயிற்சி முடிந்து பணிக்கு அனுப்பப்படும் இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சபா, சரவாக் எல்லைகள். இந்தோனேசியாவின் கலிமந்தானை ஒட்டிய காட்டு எல்லைக் காவல் நிலைகளிலும் சபாவின் கிழக்குக் கரையிலும் வீரர்கள் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு லாஹாட் டத்து ஊடுருவலுக்குப் பிறகு கிழக்குச் சபாவில் எஸ்கோம் என்னும் பாதுகாப்புக் கட்டளை மையம் அமைக்கப்பட்டது. தீபகற்பத்திலிருந்து போகும் படைப்பிரிவுகள் மாதக்கணக்கில் அங்கே தங்குகின்றன.

இரண்டாவது, கடல். கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், தென்சீனக் கடலில் உள்ள லாயாங்-லாயாங் தீவில் கடற்படை நிலையம் இருக்கிறது. அங்கு அஞ்சல்காரர் வருவதில்லை. கப்பலோ விமானமோ போகும்போது பொருளும் போகும்.

மூன்றாவது, வெளிநாடு. 1960இல் காங்கோவுக்குப் படை அனுப்பியதிலிருந்து மலேசியா ஐ.நா. அமைதிப்பணியில் பங்கேற்று வருகிறது. நமீபியா, கம்போடியா, போஸ்னியா, சோமாலியா, கிழக்குத் தீமோர் என அந்தப் பட்டியல் நீளும். 2007 முதல் தென் லெபனானில் ஐ.நா.வின் யூனிஃபில் படையில் நம் மால்பாட் படைப்பிரிவு பணியாற்றி வருகிறது. அதன் தலைமை முகாம் தயர் நகருக்கு அருகே மராக்காவில் உள்ளது. அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு அணியும் ஏறக்குறைய ஓராண்டு அங்கே இருந்துவிட்டு மாறுகிறது. ஆகவே லெபனானுக்குப் போகும் பிள்ளை எந்த மாதத்தில் விமானம் ஏறினாலும் ஒரு தீபாவளி வீட்டில் இல்லாமல் போவது உறுதி.

அந்தப் பணியின் ஆபத்தும் சிறியதல்ல. 2024 நவம்பர் 7ஆம் தேதி, புதிதாக வந்திறங்கிய அமைதிப்படையினரை ஏற்றிச் சென்ற வாகனங்கள் சைடோன் நகர் அருகே போனபோது நடந்த தாக்குதலில் மலேசிய வீரர்கள் சிலர் இலேசான காயமடைந்தனர். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. பண்டிகை முடிந்து ஒரு வாரத்தில் வந்த செய்தி அது. யூனிஃபில் பணியை 2026 டிசம்பர் 31ஆம் தேதியுடன் முடித்துக்கொள்வதென்றும், அதன் பிறகு ஓராண்டுக்குள் படைகளைத் திரும்பப் பெறுவதென்றும் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டு 28இல் தீர்மானித்துள்ளது. லெபனானுக்குப் பெட்டி அனுப்ப நினைப்போர் இந்தக் கால எல்லையையும் மனத்தில் வைக்க வேண்டும்.

நூறாண்டுப் பழக்கம்

பாசறை என்ற சொல் தமிழில் பழையது. போருக்குப் போன தலைவன் பாசறையில் இருப்பதும் தலைவி வீட்டில் காத்திருப்பதும் முல்லைத்திணையின் பொருள். வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவுக்கு ஆற்றுணா என்றும் கட்டுச்சோறு என்றும் நம்மிடம் பெயர் உண்டு. ஆனால் வீட்டுப் பலகாரத்தைப் பெட்டியில் அடைத்துக் கடல் கடந்த போர்முனைக்கு அனுப்புவது, ரயிலும் கப்பலும் அஞ்சலும் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம்.

முதல் உலகப் போரின் முதல் கிறிஸ்துமஸான 1914இல், பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரில் திரட்டிய நிதியிலிருந்து வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகள் வழங்கப்பட்டன. போர் முடியும்வரை கொடுத்த பெட்டிகள் 25 லட்சத்துக்கும் மேல். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெரும்பாலும் புகையிலையும் சிகரெட்டும் கிடைத்தன. இந்திய வீரர்களுக்குக் கற்கண்டும், சிறிய தகர டப்பாவில் மசாலாப் பொருளும் சேர்த்துக் கொடுத்தார்கள். புகைபிடிக்காத சீக்கியர்களுக்குச் சிகரெட் வைக்கவில்லை. பெறுபவர் எதை உண்பார், எதை உண்ணமாட்டார் என்று கேட்டறிந்து பெட்டி கட்டும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீடுகளில் இன்றும் சுடப்படும் ஆன்சாக் பிஸ்கட்டும் இந்த வழியில் வந்ததுதான். ஓட்ஸ், தேங்காய்த் துருவல், மாவு, வெண்ணெய், சர்க்கரைப் பாகு சேர்த்துச் செய்வது. முட்டை கிடையாது, அதனால் நெடுநாள் கெடாது. 1915 ஏப்ரல் 25இல் கலிப்போலியில் இறங்கிய வீரர்களுக்கு வீட்டுப் பெண்கள் இதைச் சுட்டு அனுப்பினார்கள் என்பது பரவலான கதை. உண்மையில், அந்நாளில் வீரர்களுக்கென்று சுட்ட பிஸ்கட்டில் பெரும்பங்கு உள்ளூரிலேயே விற்கப்பட்டு, அந்தப் பணம்தான் படையினர் நலனுக்குப் போனது என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து. இது இன்றைக்கும் பயன்படும் பாடம். கட்டுரையின் பிற்பகுதியில் அதைக் காணலாம்.

இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட வீரர்களுக்கு இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய உணவுப் பொட்டலத்தில் அரிசி, பருப்பு, கறித்தூள் எல்லாம் இருந்தன. எதிரியின் முகாமில் அடைபட்டுக் கிடந்தவருக்கு ஒரு கரண்டிக் கறித்தூள் என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எது தாங்கும், எது தாங்காது?

பலகாரம் கெடுவதற்குக் காரணம் மூன்று: ஈரம், காற்றுப்பட்ட எண்ணெய், உடைசல்.

உணவில் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் ஈரத்தை நீர்ச்செயல் அளவு என்று உணவு அறிவியல் குறிக்கிறது. சுத்தத் தண்ணீருக்கு அது 1. ஏறக்குறைய 0.6க்குக் கீழே பூஞ்சை வளராது. மொறுமொறுப்பான பிஸ்கட்டும் முறுக்கும் இந்த அளவுக்கு வெகு கீழே இருக்கின்றன. மென்மையான கேக் அதற்கு மேலே இருக்கிறது. கேக் சில நாளில் பூக்க, முறுக்கு வாரக்கணக்கில் நிற்பதன் காரணம் இதுதான்.

தைரியமாக அனுப்பக்கூடியவை: அரிசிமாவு முறுக்கு, ஓமப்பொடி, சீனிப் பாகில் பிடித்த கடலை உருண்டை, சூஜி பிஸ்கட், கச்சாங் பிஸ்கட், நன்றாகக் காய்ந்த பட்டர் பிஸ்கட், கார்ன்ஃப்ளேக்ஸ் பிஸ்கட்.

கவனத்தோடு அனுப்பக்கூடியவை: அன்னாசி டார்ட், உள்ளே வைக்கும் அன்னாசிப் பூரணத்தை நீர் வற்றக் கிளறியிருந்தால் தாங்கும். குவே பஹுலு, அடுப்பில் கூடுதலாகக் காயவைத்து ஓட்டைக் கெட்டிப்படுத்தினால் உள்நாட்டுப் பயணத்துக்குப் போதும். அச்சு முறுக்கு சுவையில் கெடாது. ஆனால் தொட்டாலே நொறுங்கும். நெய் உருண்டை உதிரும். ஒவ்வொன்றையும் தனித்தாளில் சுற்ற வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை: கிரீம் வைத்த கேக், பால்கோவா, புதிய தேங்காய்ப்பூ சேர்ந்த பலகாரம், சுசியம், ஈரப்பதமான அதிரசம், சாக்லெட் பூசிய பிஸ்கட். சாக்லெட் 34 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் லாரிக்குள் வெப்பம் அதைவிட எளிதாக ஏறிவிடும்.

கேக்கைத்தான் அனுப்ப வேண்டும் என்று பிள்ளை கேட்டால், காற்றை உறிஞ்சி அடைத்தால் கெடாது என்று எண்ணிவிடக் கூடாது. ஈரமான உணவைக் காற்றில்லாமல் அடைத்துச் சூட்டில் வைப்பதுதான் ஆபத்து. போட்டுலினம் என்னும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் காற்றில்லாத இடத்தில்தான் வளரும். அதற்கு வாடையோ நிறமாற்றமோ தெரிய வேண்டியதில்லை. வீட்டில் சுட்ட ஈரக் கேக்கைப் போத்தலில் போட்டு மூடியும் அனுப்ப வேண்டாம். கடையில் விற்கும், காலாவதித் தேதி அச்சிட்ட பழக்கேக்கே பாதுகாப்பானது.

எண்ணெயைப் பொறுத்தவரை ஒரே விதி: முகாமுக்குப் போகும் ஈடு, புது எண்ணெயில் சுடும் முதல் ஈடாக இருக்கட்டும். பலமுறை காய்ந்த எண்ணெயில் சுட்ட முறுக்கு சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். சுட்டதும் தாளில் பரப்பி எண்ணெயை வடியவிட வேண்டும். வெளிச்சமும் சூடும் எண்ணெயைக் கெடுப்பதால், ஒளிபுகாத தகர டின் பிளாஸ்டிக் போத்தலைவிட நல்லது. தோட்டத்துப் பாட்டிமார் முறுக்கைச் சதுரப் பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றித் தாள் ஒட்டி வைத்ததில் இந்த அறிவு இருந்தது.

பயணத்துக்கேற்ற சூஜி பிஸ்கட்

வெண்ணெயில் ஏறக்குறைய 16 விழுக்காடு தண்ணீர். நெய்யில் அது அநேகமாக இல்லை. எனவே வெண்ணெயில் செய்வதைவிட நெய்யில் செய்யும் சூஜி பிஸ்கட் நீண்ட நாள் நிற்கும். முட்டையும் தேவையில்லை.

வேண்டியவை: நெய் 250 கிராம், ஐசிங் சீனி 170 கிராம், கோதுமை மாவு சுமார் 450 கிராம், ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

நெய்யையும் சீனியையும் வெளுக்கும்வரை குழைத்து, சலித்த மாவு, சோடா, உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கையில் ஒட்டாமல் உருட்ட வரும் பதம் போதும். மாவின் அளவு நெய்க்கேற்பக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். வீட்டுக்குச் செய்வதைவிடச் சிறிய உருண்டைகளாகப் பிடித்து, 160 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் சுடலாம். சிறிய உருண்டை உள்வரை காயும், எளிதில் உடையாது. மேலே ஐசிங் சீனியில் புரட்டுவதை விட்டுவிடலாம். அது வழியிலேயே ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும்.

சூடாக இருக்கும்போது மூடக் கூடாது. ஆவி மூடியில் படிந்து உள்ளே சொட்டும். அதற்காக இரவு முழுவதும் திறந்து போடவும் கூடாது. அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றே பிஸ்கட்டை நமத்துப் போகச் செய்யும். கம்பித் தட்டில் ஓரிரு மணி நேரம் ஆறவிட்டு, அதே நாளில் அடைப்பதுதான் சரி.

முகாமில் அது பத்துப் பேர் பலகாரம்

வீட்டிலிருந்து வரும் பெட்டியை முகாமில் எவரும் தனியே உண்பதில்லை. உடன் இருக்கும் தோழர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒரு பிளாட்டூனில் நம் பிள்ளை ஒருவரே தமிழராக இருப்பதும் சாதாரணம். நோன்புப் பெருநாளுக்கு நம் பிள்ளை காவலை ஏற்றுக்கொள்ள, தீபாவளிக்கு மலாய்த் தோழர் ஏற்றுக்கொள்வது படையில் நிலவும் நல்ல வழக்கம். அந்தத் தோழரும் கூச்சமின்றி எடுத்துச் சாப்பிடும்படி பலகாரம் இருந்தால்தான் பெட்டிக்கு முழுப் பயன்.

ஆகவே மாவு, நெய், எண்ணெய், மார்ஜரின், வாசனைப் பொருள் அனைத்தும் ஜாக்கிம் ஹலால் முத்திரை உள்ளவையாக வாங்குவது நல்லது. பழக்கேக்கில் ரம், பிராந்தி சேர்க்கக் கூடாது. ஜெல்லி, மார்ஷ்மெலோ வகைகளில் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சேர்மானங்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு போத்தலிலும் ஒட்டுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை இருந்தால் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கடலை ஒவ்வாமை உள்ளவருக்குக் காட்டு முகாமில் உடனே மருத்துவமனை கிடைக்காது.

வீட்டுச் சமையலறை என்பதால் உண்ணத் தயங்கும் தோழர்களும் இருக்கலாம். அதில் வருந்த ஒன்றுமில்லை. ஹலால் முத்திரையுடன் கடையில் அடைத்து விற்கும் முறுக்கு அல்லது மிக்சர் இரண்டு பொட்டலம் சேர்த்து வைத்தால் அவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

பெட்டி கட்டும் முறை

ஒரே பெரிய போத்தலைவிடச் சிறிய போத்தல்கள் சிறந்தவை. ஒன்று நமத்தாலும் மற்றவை தப்பும். ரோந்து போகும்போது பையில் எடுத்துப்போகவும் வசதி. முறுக்கை அடுக்கடுக்காக வைத்து, இடையே பேக்கிங் தாள் வட்டமாக வெட்டிப் போட வேண்டும். மேலே இடைவெளி இருந்தால் கசக்கிய தாளை நிரப்ப வேண்டும். பலகாரம் ஆடினால் உடையும்.

உணவுக்கென விற்கும் சிலிக்கா ஈர உறிஞ்சிப் பை ஒன்றைப் போத்தலில் போடலாம். பை கிழியாமல் இருக்க வேண்டும். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, பிறகு போத்தலைப் பிளாஸ்டிக் பையில் இட்டு முடிச்சு. எறும்புக்கும் மழைக்கும் அதுவே காவல்.

வெளிப்பெட்டி கெட்டியான அட்டையாக இருக்கட்டும். அடியிலும் பக்கங்களிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தாள் திணித்து, நடுவில் போத்தல்களை நிறுத்துங்கள். மூடியபின் பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் தாள் வேண்டும் என்று பொருள்.

வாசனை சோப்பு, பொடி, ஊதுவத்தி ஆகியவற்றைப் பலகாரத்தோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். முறுக்கு ஊதுவத்தி மணக்கும். லைட்டர், தீப்பெட்டி, வாசனைத் தெளிப்பான், பவர் பேங்க் ஆகியவை விமானத்தில் ஏற்றத் தடையோ கட்டுப்பாடோ உள்ளவை. அவற்றுள் ஒன்று இருந்தாலும் முழுப் பெட்டியும் நிறுத்தப்படலாம்.

கட்டணம், முகவரி, படிவம்

கூரியர் கட்டணத்தில் பலர் ஏமாறும் இடம் கொள்ளளவு எடை. முறுக்கு எடை குறைவு, இடம் அதிகம். பல நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்கின்றன. 30 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி என்றால் 27,000 வகுத்தல் 5,000, அதாவது 5.4 கிலோ. உள்ளே இருப்பது இரண்டு கிலோ பலகாரம்தான் என்றாலும் 5.4 கிலோவுக்குக் கட்டணம். கடலை உருண்டை, சூஜி பிஸ்கட் போன்ற கனமானவற்றைச் சிறு பெட்டியில் நெருக்கமாக அடுக்கினால் அதே பணத்தில் அதிகம் போகும்.

சபா, சரவாக்கிற்கு அனுப்புவது உள்நாட்டு அஞ்சல்தான். சுங்கப் படிவம் எழுதி வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கூரியர் முகாம் வாசல்வரைதான் போகும். அங்கிருந்து காட்டுக் காவல் நிலைக்கு ராணுவ வாகனமோ ஹெலிகாப்டரோ படகோ போகும் நாளில்தான் பெட்டி போகும். முகவரியில் பதவி, முழுப்பெயர், ராணுவ எண், கம்பெனி, படைப்பிரிவு, முகாம், அஞ்சல் குறியீடு அனைத்தும் இருக்க வேண்டும். பிள்ளையையே கேட்டு அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அதே விவரத்தைத் தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். வெளிச்சீட்டு கிழிந்தாலும் உள்சீட்டு வழிகாட்டும்.

லெபனானுக்கு நேரே கூரியரில் அனுப்பும் முன், அந்த அணி புறப்பட்ட உள்நாட்டு முகாமில் விசாரிப்பது நல்லது. அணி மாற்றத்தின்போதோ தளவாடம் போகும்போதோ குடும்பங்களின் பொருளை ஏற்க வழி இருக்கிறதா, எவ்வளவு எடைவரை, எந்த நாளுக்குள் என்பதை அவர்களே சொல்ல முடியும். படைவீரர்களின் குடும்ப நலனுக்காக இயங்கும் பாகாட் அமைப்பையும் கேட்கலாம். அஞ்சலில்தான் அனுப்புவதென்றால் சுங்கப் படிவத்தில் பலகாரத்தின் தமிழ்ப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். வீட்டில் செய்த பிஸ்கட், அதில் மாவு, நெய், சீனி என்று எளிய ஆங்கிலத்தில் எழுதினால்தான் அங்குள்ள அதிகாரிக்குப் புரியும். இறைச்சி சேர்ந்த எதையும் வைக்க வேண்டாம்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. முகவரிச் சீட்டோடு பெட்டியைப் படமெடுத்து முகநூலிலோ டிக்டாக்கிலோ போடாதீர்கள். பிள்ளை எந்த நிலையில், எத்தனை நாளுக்கு இருக்கிறார் என்பது வெளியில் உலவ வேண்டிய செய்தி அல்ல. அது அவர் ஒருவரை மட்டும் பாதிப்பதில்லை.

நாள் கணக்கு

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் ஆண்டுக்கு ஆண்டு மாறி வரும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

- தீபகற்பத்துக்குள் உள்ள முகாம்: 10 நாள் முன்னதாக.
- சபா, சரவாக் நகர்ப்புற முகாம்: மூன்று வாரம் முன்னதாக.
- எல்லைக் காவல் நிலை, தீவு நிலையம்: நான்கிலிருந்து ஐந்து வாரம் முன்னதாக, அடுத்த வாகனமோ கப்பலோ எப்போது என்று பிள்ளையிடம் கேட்ட பிறகு.
- லெபனான்: இரண்டு மாதம் முன்னதாகவே விசாரிக்கத் தொடங்க வேண்டும்.

இவை பாதுகாப்பான இடைவெளி வைத்துச் சொல்லும் கணக்கு. பலகாரத்தையும் இதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். எல்லை நிலைக்குப் போவது ஆறு வாரமாவது நிற்க வேண்டும். ஒரு சோதனை செய்யலாம்: அனுப்பும் ஈட்டிலிருந்து ஒரு சிறு போத்தலை வீட்டிலேயே மூடி வையுங்கள். பெட்டி போய்ச் சேர்ந்தது என்று பிள்ளை சொல்லும் நாளில் அதைத் திறந்து பாருங்கள். அங்கே எந்த நிலையில் இருக்கும் என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு எதை மாற்ற வேண்டும் என்பதும் புரியும்.

சண்டை மூண்டால் கணக்கு எல்லாம் மாறும். 2024 செப்டம்பர் இறுதியில் லெபனானில் தாக்குதல் தீவிரமானபோது பெரும்பாலான விமான நிறுவனங்கள் பெய்ரூட் சேவையை நிறுத்தின. அப்படிப்பட்ட நேரத்தில் பெட்டி வழியில் தங்கிவிடும். அடிக்கடி முகாமுக்குத் தொலைபேசி செய்து கேட்பதால் பயனில்லை. பிள்ளை பத்திரமாக இருக்கிறார் என்ற தகவல் வந்தால் அதுவே போதும். பலகாரம் பிறகு வரட்டும்.

போர்ட்டிக்சனில் அடிப்படைப் பயிற்சியில் இருப்பவர்களின் நிலை வேறு. லாபுவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தானே என்று டின்னோடு புறப்பட்டுவிடக் கூடாது. பயிற்சிக் காலத்தில் வெளி உணவுக்கும் பார்வையாளருக்கும் கட்டுப்பாடு உண்டு. அனுமதித்த நாளைத் தெரிந்துகொண்டு போவது, பிள்ளை பயிற்றுநரிடம் ஏச்சு வாங்காமல் காக்கும்.

பெயர் தெரியாத வீரருக்கு அனுப்பலாமா?

கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் போன்றவை எல்லை வீரர்களுக்குப் பொதுவாகப் பலகாரம் அனுப்ப விரும்புவதுண்டு. எண்ணம் நல்லது, வழி மாற வேண்டும்.

அமெரிக்காவில் யாரோ ஒரு வீரருக்கு என்று மட்டும் முகவரியிட்டு எவரும் பொட்டலம் அனுப்பும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. 2001இல் அஞ்சலில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பப்பட்டபோது, அந்த அக்டோபரிலேயே அது நிறுத்தப்பட்டது. பிரிட்டனிலும் போர்முனையிலுள்ள உறவினருக்கு 2 கிலோவரை குடும்பத்தார் இலவசமாக அனுப்பும் வசதி தந்த அரசு, பொதுமக்கள் முகம் தெரியாத வீரர்களுக்குப் பொட்டலம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. பாதுகாப்பு ஒரு காரணம். மற்றொன்று, அந்தப் பொட்டலக் குவியலில் குடும்பங்கள் அனுப்பியவை பின்தங்கிவிடும் என்பது. யாரென்று தெரியாதவர் வீட்டில் சுட்டதை முகாம் அதிகாரியும் வீரர்களுக்குக் கொடுக்கத் துணியமாட்டார்.

ஆகவே குழுவாகச் செய்ய நினைப்போர் ஆன்சாக் பிஸ்கட் வழியைப் பின்பற்றலாம். பலகாரத்தை ஊரிலேயே சுட்டு, கோயில் விழாவிலோ தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நாளிலோ விற்று, வரும் பணத்தைப் படையினர் நலனுக்கு அளிக்கலாம். பாகாட், முன்னாள் படைவீரர் சங்கம் போன்ற அமைப்புகளை அணுகி, என்ன தேவை என்று கேட்டு, ஹலால் முத்திரையோடு அடைத்த பொருளாக வாங்கிக் கொடுக்கலாம். உயிரிழந்த, ஊனமுற்ற வீரர்களை நினைவுகூரும் ஜூலை 31 வீரர் நாளும், செப்டம்பர் 16 ஆயுதப்படை நாளும் இதற்குப் பொருத்தமானவை. மாணவர்கள் எழுதும் வாழ்த்து அட்டைகளையும் பள்ளி வழியாகச் சேர்க்கலாம். அதில் பிள்ளைகளின் வீட்டு முகவரியோ தொலைபேசி எண்ணோ இருக்கக் கூடாது.

பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடமிருந்தால்

முகாமில் சோற்றுக்குக் குறைவில்லை. அங்கே கிடைக்காதது வீட்டுக் கைப்பக்குவம். உலர்ந்த கறித்தூள் ஒரு சிறு பொட்டலம், நன்கு வறுத்த பருப்புப்பொடி, காய்ந்த சுண்டைக்காய் வற்றல் ஆகியவை கெடாமல் போகும், இடமும் அடைக்காது. ஊறுகாய்ப் போத்தல் வேண்டாம். எண்ணெய் கசிந்தால் எல்லாம் வீண்.

ஒரு கடிதமும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் நாள்தோறும் பேசுகிறோமே என்று தோன்றலாம். காட்டு நிலைகளில் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு எடுக்காது. காகிதத்துக்குத் தொடர்பு தேவையில்லை. தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம், கோயில் திருவிழா எப்படி நடந்தது, தம்பி தேர்வில் என்ன எடுத்தான் என்று எழுதினாலே போதும். கடன், சண்டை, நோய் போன்ற கவலைச் செய்திகளை அதில் எழுத வேண்டாம். உடனே எதுவும் செய்ய முடியாத இடத்தில் இருப்பவருக்கு அவை பாரமாகும்.

பெட்டி கிடைத்ததும் தகவல் சொல்லும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். போத்தல் காலியானதும் தூக்கி எறியாமல் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அவர் வீட்டில் இருந்தால், தோழர்களுக்குக் கொடுத்தனுப்ப அதே போத்தல் உதவும்.